மூடிய அறைக்குள் குளோரின்

முள்ளியவளை அகதி முகாமில் வயிற்றோட்டம் பரவியபோது, கிணற்றுக்குப் போடக் குளோரின் தூள் கிடைக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியரான நான், உப்புத் தண்ணீரில் உழவு இயந்திர பற்றரியின் மின்சாரத்தைப் பாய்ச்சிக் ஒரு சிறிய அறைக்குள் குளோரின் திரவம் தயாரிக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் வராதபடி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பார்க்கும்படி, முகாமிலிருந்த மேரி அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் காரமான நெடி மூக்கில் ஏறியது. அக்கா நிலத்தில் கிடந்து மூச்சுக்குத் திணறினார். வெளியே இழுத்துக் கிடத்தி, "அக்கா, கதையுங்கோ" என்று கெஞ்சினேன். நெடுநேரம் இருமிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"மணம் தாங்கேலாமத்தான் கிடந்தது, மாஸ்ரர். கதவைத் திறந்தா பிள்ளையள் வந்திடுங்களெண்டு இருந்திட்டன்."

குளோரின் நச்சு வாயு என்று பன்னிரண்டு வருடம் வகுப்பில் படிப்பித்தவன் நான். அந்த ஒரு வசனத்தை அக்காவிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.