குப்பைத் தொட்டி வரை வந்த கால்தடம்

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆவி, பேய் என்று யாராவது கதை எடுத்தாலே எழும்பிப் போகிற ஆள் நான். என் தொழில் மண். குளிர்நாட்டுக் காடுகளில் அடிமண் எந்நாளும் உறைந்தே கிடக்கும், மேல்மண் மட்டும் மாரிக்குளிரில் உறைந்து கோடையில் இளகும். அதை அளந்துதான் சம்பளம் வாங்குகிறேன். உறைந்த மண்ணில் அலவாங்குகூட இறங்காது, இளகினால் சேறாகி எந்தத் தடமும் நிற்காது. எனக்கு இது மனப்பாடம்.

அப்பா செவன் கிங்ஸ் என்கிற இந்த ஆங்கிலேய ஊரில் எங்களோடுதான் இருந்தார். போன வருடம் தை மாதம் காலமானார். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று அவருக்குப் பிடித்த மீன்குழம்பு, நண்டு, தோசை எல்லாம் படைத்தோம். ஒரு பங்கை வாழையிலையில் எடுத்து மனைவி என்னிடம் தந்தாள்.

"தோட்டத்து மூலையில வைச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வாங்கோ. மாமா பசியோட வருவார்."

ஒரு கிழமையாகத் தோட்டம் கல்லாக உறைந்திருந்தது, குளிரோ சொல்லி வேலையில்லை. வெளியில் வைத்தால் நரி வரும், பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்குப் போன் போடுவார். பின்கதவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கழிவுத் தொட்டி நின்றது. அதற்குள் போட்டுவிட்டு வந்தேன்.

"வைச்சிட்டீங்களே?"

"ஓம், ஓம்."

விடிய அவள்தான் கூப்பிட்டாள். "இஞ்ச வந்து பாருங்கோப்பா!"

வெறுங்கால் தடங்கள். அந்தக் கல்மண்ணில், நம்பினால் நம்புங்கள், இரண்டு விரற்கடை ஆழம். மூலையில் எதையோ தேடியதுபோலச் சுற்றிச் சுற்றி நடந்து, பிறகு நேரே தொட்டியடிக்கு வந்து நின்றிருந்தன. இடது காலில் சின்ன விரல் இல்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் வெட்டி எடுத்த விரல் அதுதான்.

அவள் மூடியைத் திறந்தாள். இலை அப்படியே கிடந்தது.

"குப்பைக்குள்ளயோப்பா போட்டனீங்கள்?"

எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. பெற்ற தகப்பனைக் குப்பைத் தொட்டியடியில் பசியோடு நிற்க வைத்தவன் நான்.

கள்ளனாக இருக்கும், பழைய தடமாக இருக்கும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குளிர் விட்டதும் தோட்டம் சேறாகித் தடங்கள் எல்லாம் அழிந்தன. தொட்டியடியில் நின்ற இரண்டும் மட்டும் அழியவில்லை.

இந்த மாரியும் மண் உறைந்தது. அந்த இரண்டு தடத்துக்குள் மட்டும் உறையவில்லை, நீங்களே வந்து விரலை விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பின்னேரமும் அதற்குப் பக்கத்தில் சோறும் மீன்குழம்பும் வைக்கிறேன். நரி வருகிறது, பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. விடியப் போய்ப் பார்த்தால் ஒரு பருக்கைகூடக் குறைந்திருப்பதில்லை.