பதினாலாம் நம்பர் பனியனும் முதலிடமும்

விளையாட்டுப் பக்கத்தில் தோல்விச் செய்தி எழுதினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ‘எக்காலத்துக்கும் சிறந்த பத்துப் பேர்’ என்று எழுதினால்தான் செல்போன் சூடாகும். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரை மாமா பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டு, மண்டப வாசலில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நானும் உங்கள் கூட்டம்தான்.

வாயைக் கொடுத்தது

ஞாயிறு இணைப்புக்கு உலகின் தலைசிறந்த கூடைப்பந்து வீரர்களின் பட்டியல் கேட்டார் ஆசிரியர். அமெரிக்க ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்த ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், நம் பக்கத்து ஆட்டக்காரர்களை யாரும் வரிசைப்படுத்தியதில்லை என்று வாயைக் கொடுத்தேன். வேலை என் தலையில் விழுந்தது.

கோவையில் ஒரு காலத்தில் மில்லுக்கு ஓர் அணி இருந்தது. அவற்றோடு ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி அணிகளையும் சேர்த்தால் கும்பல் தாங்காது. ஒரு மாதமாவது வேண்டும் என்றேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பத்துப் பேருதானுங்களே, வியாழக்கிழமை குடுத்துருங்க.”

ஆறாவது இடம் கேட்டவர்

பட்டியல் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். எல்லோருமே “நானா ஒண்ணும் கேக்கலீங்க” என்றுதான் ஆரம்பித்தார்கள்.

அவிநாசியிலிருந்து ஒரு பெண்மணி பேசினார். அவருடைய கணவர் அந்தக் காலத்தில் பலகையில் பட்டுத் திரும்பும் எந்தப் பந்தையும் அடுத்தவன் கைக்கு விட்டதில்லை. முட்டியில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறதாம். பட்டியல் என்று கேள்விப்பட்டதும், பரணில் கிடந்த பந்தை இறக்கிக் காற்றடித்து வைத்திருக்கிறாராம். மூன்றாவது இடத்துக்கு அவரை யோசித்திருக்கிறேன் என்று சொன்னால் மகிழ்வார் என்று நினைத்தேன். பதறிப்போனார். “ஆடறது அஞ்சு பேரு, அஞ்சுக்குள்ள போட்டீங்கன்னா நாளைக்கே கிரவுண்டுல எறங்கிப்போடுவாருங்க. ஆறாவதாப் போடுங்க, பெஞ்சுல உக்காந்துட்டாவது இருக்கட்டும்.”

ஆடியது யார்?

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ராமசாமி, ஒரு காலத்தில் இங்கே நடந்த போட்டிகளுக்கெல்லாம் புள்ளிக் கணக்கு எழுதியவர். பழைய ஸ்கோர் புத்தகங்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஒரு மில் அணியின் பதினாலாம் நம்பர் எல்லோரையும் விட வெகுதூரம் முன்னே நின்றது. பதினாலு என்றால் பழனிசாமி. அந்த நாளில் நானே அவரைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். முதலிடத்தில் பெயரை எழுதிவிட்டு, படம் கேட்க அவருக்குப் போன் செய்தேன்.

மில் மூடியபின் சென்னிமலையில் போர்வை வியாபாரம் செய்கிற பழனிசாமி, தான் ஆடியது முதல் பாதி மட்டுமே என்றார். மில் கொடுத்தது பத்துப் பனியன். ஆட்டக்காரர்கள் பதினொரு பேர்; பதினோராவது ஆள் கரீம். இவருக்கு ராத்திரி ஷிப்ட், கரீமுக்குப் பகல் ஷிப்ட். இடைவேளையில் சுவருக்குப் பின்னால் வியர்வை சொட்டச் சொட்டப் பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இவர் வேலைக்கு ஓட, வேலை முடித்து வந்த கரீம் அதை மாட்டிக்கொண்டு மீதியை ஆடுவார். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே மீசை.

இதை எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று ராமசாமியிடம் கேட்டேன். அவர் லேத்தை நிறுத்தவே இல்லை. “எனக்கு நம்பருதானுங்க ஆடுச்சு, மூஞ்சிய யாருங்க பாத்தா?”

பெயர் வராதவர்

மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அணிப் பட்டியலில் பதினாலுக்கு நேரே பழனிசாமி என்றிருந்தது. அதைப் பார்த்து எழுதியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். கரீமின் பெயர் ஒரு நாள்கூட அச்சில் வந்ததில்லை. இந்த முறை அவர் பெயர்தான் வர வேண்டும் என்பதில் பழனிசாமி பிடிவாதமாக இருந்தார். இருவரையும் சேர்த்துப் போடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். ஓர் இடத்துக்கு ஒரு பெயர்தான் என்றுவிட்டார். புத்தகத்தில் யார் புள்ளி எது என்று பிரிக்கவும் வழியில்லை. ஒருவருக்கு முதலிடம், மற்றவருக்கு இடமே இல்லை.

கோட்டைமேட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் கரீம் பாயைப் போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார், தன் பெயரைப் போடச் சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை. “மொதப் பாதியில அவன் எல்லாத்தையும் ஓடவுட்டுக் களைக்க வெச்சுட்டுப் போயிருவானுங்க. களைச்சு நிக்கறவனுக மேல யாரு வேணாலும் கூடை போடலாமுங்க.”

ஆளுக்கு ஐந்து பந்து

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை காலை ஒரு பள்ளி மைதானத்துக்கு இருவரையும் வரவழைத்தேன். ஆளுக்கு ஐந்து ஃப்ரீ த்ரோ. அதிகம் போடுகிறவருக்கு முதலிடம். ராமசாமி புது நோட்டு வாங்கி வந்திருந்தார், இந்த முறை பெயர் எழுத.

பழனிசாமியின் ஐந்து பந்தும் வளையத்தின் முன் விளிம்பில் ஒரே இடத்தில் பட்டுத் திரும்பின. போடத் தெரியாதவனால் அப்படித் தவறவிட முடியாது. விஷயம் புரிந்த கரீம் பாய், தன் பங்குக்கு நாலு பந்தைப் பலகையில்கூடப் படாமல் அனுப்பினார். ஐந்தாவதுக்குக் கை தூக்கும்போது கடையிலிருந்து போன். இடது கையால் அதைக் காதில் வைத்து, இரட்டைக் கட்டில் மெத்தையின் அளவு சொல்லிக்கொண்டே, வளையத்தைப் பார்க்காமல் வலது கையால் பந்தைத் தூக்கிப் போட்டார். வளையத்தில் உரசாமல் வலைக்குள் இறங்கியது.

பழனிசாமி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரீம் பாய் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து, வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “கை பண்ணுன தப்பு மாப்ள, நான் பண்ணல.”

ஞாயிற்றுக்கிழமை கரீமின் பெயர் முதலிடத்தில் வந்தது. பட்டியலில் இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் என்னைத் திட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், பட்டியலில் பெயரே இல்லாத பழனிசாமி மட்டும் கட்டுக் கட்டாகப் பேப்பர் வாங்கி, சென்னிமலையில் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.