புரோக்கோலிப் பாத்தி

ரங்கூனில் குளிர் தொடங்கினால் எங்கள் தெருவுக்கு இரண்டு வரும்: கோசுச் செடியும் பிளேக்கும். அந்த வருடம் துறைமுகத்துத் துரை வீட்டுத் தோட்டக்காரரிடம் அண்ணன் புரோக்கோலி விதை வாங்கி வந்தார். பூக்கோசு மாதிரிதான், ஆனால் பூ பச்சை. கொல்லையில் அண்ணிதான் வளர்த்தாள். நிறைமாதமாகிவிட்டதால் அவளால் நெடுநேரம் குனிய முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நர்சுப் பயிற்சி முடித்து வீட்டிலிருந்த என்னிடம் கத்தியைக் கொடுத்தாள்.

வேலையை வரிசைப்படுத்திக்கொண்டேன். மொட்டு இறுகியிருக்கும்போதே, மஞ்சள் தட்டுமுன், தண்டோடு சாய்வாக வெட்ட வேண்டும். பக்கப்பூ துளிர்க்க அடித்தண்டை விட்டுவைக்க வேண்டும். மண்ணைத் தொடும் இலைகளைக் கழித்துவிட வேண்டும்.

சுவரோரம் நாற்றம் அடித்தது.

"இங்க என்ன போட்டீங்க அண்ணி?"

"மீன் கழிவு, டாக்டரம்மா. அதுக்கும் சீட்டு எழுதித் தருவியா?"

கீழிலைகளைக் கழித்ததும் புதிதாகக் கிளறிய மண் தெரிந்தது. கத்தி முனையால் கீறினேன். ஒரு வால் வெளியே வந்தது. எலியின் வால்.

அண்ணியின் சிரிப்பு நின்றது. "அடுப்படியில செத்து விழுந்து கெடந்துச்சு. மண்ணுக்குள்ள இன்னும் ரெண்டு மூணு இருக்கும்."

"எதுல எடுத்தீங்க?"

"முறத்துல. கையால தொடுவனா? அவ்வளவு மக்கா நான்?"

மக்கு இல்லை. தெருவே அப்படித்தான். எலி விழுந்ததாகச் சொன்னால் முனிசிபல் ஆட்கள் வந்து கூரையைப் பிரிப்பார்கள், பாய் தலையணையை எரிப்பார்கள், வீட்டாரை ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகையில் கொண்டுபோய் வைப்பார்கள். அதற்குப் பயந்து சிலர் புதைத்தார்கள், சிலர் அடுத்த வீட்டு வேலிக்குள் எறிந்தார்கள்.

"கொட்டகையில நான் புள்ள பெக்க மாட்டேன். பொறந்து தீட்டுக் கழியட்டும். அப்புறம் நீயே போய்ச் சொல்லு" என்றாள்.

செத்த எலி ஆறியதும் அதன்மேல் இருந்த தெள்ளுப்பூச்சி பிளேக்கைச் சுமந்துகொண்டு இறங்கிவிடும். பக்கத்தில் சூடாக எந்த உடம்பு இருக்கிறதோ அதில் ஏறும். அந்த முறம் அடுப்படியில்தான் சாய்ந்திருந்தது. அதில்தான் அரிசி புடைப்பாள்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். காய்ச்சல் உண்டா, தலை வலிக்கிறதா, பிளேக் கட்டி கிளம்பும் தொடையிடுக்கில் நோவு இருக்கிறதா.

"இடுக்குல காலையிலேர்ந்து இழுக்குது. நிறைமாசத்துல எவளுக்கு இழுக்கல?"

மணிக்கட்டைப் பிடித்தேன். சுட்டது. நாடி ஓடியது.

உள்ளே அண்ணன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அண்ணே, இன்னிக்கு வேலைக்குப் போவேணாம். ஆஸ்பத்திரி வண்டியக் கூட்டிட்டு வாங்க. எலி விழுந்துச்சுன்னு சுகாதார ஆபீசுலயும் சொல்லிருங்க."

அவர் அண்ணியைப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

என் உள்ளங்கைக்குக் கீழே குழந்தை மெல்லப் புரண்டது.

"இப்ப அசையுது அண்ணி."

"இப்பன்னா?"

நான் கையை எடுக்கவில்லை. அவளும் கையை விடவில்லை.