ஞாயிறு வரை காத்திருப்பவர்

வெள்ளைக்காரர் நாட்டில், பெற்ற மகன் வீட்டுக்கே நேரம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டுமாம். லண்டன் போய் வந்த தன் சம்பந்தி சொன்னதாக, அரவங்காடு தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர் அப்பாவிடம் சொன்னது இது. அப்பா வேலுசாமி அதை அப்படியே நம்பினார். குன்னூரில் யார் வீட்டுக்கும் சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொல்லாமல் நுழைகிறவர், நான் மான்செஸ்டர் வந்தபின் தானாக ஒருநாளும் போனில் அழைத்ததில்லை. ஞாயிறுதோறும் என் அழைப்புக்குக் காத்திருப்பார்.

"ஏனுங்க, அவன் நம்ம பையனுங்களா, கலெக்டருங்களா?" என்று அம்மா கேலி செய்வார்.

"நீ சும்மா இரு. அந்த ஊரு வழக்கம் அப்படி."

போன புதன்கிழமை அவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஞாயிறன்றுதான் சொன்னார்.

"அன்னைக்கே கூப்பிட்டிருக்கலாமேப்பா?"

"உனக்கு ஆபீஸ் இருக்குமில்ல கண்ணு. அவங்க உன்னைய ஒரு மாதிரி நெனைச்சுட்டா?"

இங்கே அப்படியெல்லாம் இல்லை, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று சண்டை போட்டேன்.

இன்று செவ்வாய். அலுவலகக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் அப்பா. மேனேஜர் என்னையே பார்த்தார். என் கை தானாகப் போனைக் கவிழ்த்து வைத்தது.

கூட்டம் முடிந்துவிட்டது. படிக்கட்டில் நின்று மூன்றாம் முறையாக அழைக்கிறேன். குன்னூரில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.