ஒரு ஊருக்கு ஒரு ஆள்

காலையில் எழும்பியதும் கமலேஸ்வரி முதலில் பார்ப்பது சாமிப்படத்தை அல்ல, வாசல் படலையை. யார் வந்தது, யார் வரவில்லை? உட்துறைமுக வீதியில் பேக்கரி வைத்திருந்தவளுக்கு அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய கவலை கிடையாது. கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும், அவள் படலைக்கும் பாண் சுடும் போறணைக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பாள். புருசன் சிவகுருநாதன் நெஞ்சுவலியில் திடீரென்று போய்ச் சேர, பேக்கரி அவள் தலையில் விழுந்தது. பாண் சுடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, பாண் சுடுகிற ஆட்களை வைத்திருப்பதுதான் கஷ்டம் என்று வந்த புதிதிலேயே படித்துவிட்டாள்.

சமாதானம் பேப்பரில் மட்டும் மிச்சமிருந்த வருசங்கள் அவை. இன்றைக்குக் கடையடைப்பு என்றால் நாளைக்குச் சுற்றிவளைப்பு. கைத்தொழில் தெரிந்தவன் கட்டாருக்குப் போனான். காணி விற்கக் கூடியவன் லண்டனுக்குப் போனான். மிஞ்சிய இளந்தாரிகளை வேலைக்கு எடுத்தால், சோதனைச் சாவடியில் பிடிபடும் ஒவ்வொரு முறையும் 'இவன் என்ர ஆள்' என்று முதலாளிதான் ஓடிப்போய் நிற்க வேண்டும். அந்தப் பயத்தில் நகரத்து முதலாளிமார் எல்லாரும் பல்லுப் போனவர்களையும் பெண்பிள்ளைகளையும் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

கமலேஸ்வரி அதற்கும் மேலே ஒரு படி போனாள். தொடக்கத்தில் அவளிடம் திரியாய் ஊர் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் ஒன்றுக்குள் ஒன்று. ஒரு நாள் அவர்களுடைய சொந்தத்தில் ஒரு செத்தவீடு. நாலு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். குழைத்து வைத்த மா புளித்து, பொங்கி, தொட்டியை விட்டு இறங்கிச் சீமெந்து நிலத்தில் நடக்கத் தொடங்கியது. அதைத் தனியே நின்று வாரிக் கொட்டிய அன்றைக்குத்தான் அவள் சட்டம் போட்டாள். இனி ஒரு ஊருக்கு ஒரு ஆள். ஒரு ஊர் மூடப்பட்டால் ஒரு கைதான் குறையும், மற்றக் கைகள் பாண் சுடும்.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. போறணைக்குக் குறிஞ்சாக்கேணிக் கலீலுர் றஹ்மான். கிண்ணியாத் துறையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி, மறுகரையில் பஸ் பிடித்து வருவான். பணிஸ் உருட்டவும் பாண் கட்டவும் சம்பூர்க் குணேஸ்வரி. மா குழைக்க நிலாவெளியான் ஒருவன், விறகுக்குக் கந்தளாய்ச் சிங்களவர் ஒருவர். கமலேஸ்வரி ஆள் எடுப்பதென்றால் முதலில் இலங்கைப் படத்தை விரித்துப் பார்ப்பாள் என்று பகிடி பண்ணிய மற்ற முதலாளிமார், பிறகு தாங்களும் அப்படியே செய்தார்கள்.

சட்டத்துக்கு ஒரு வாலும் இருந்தது. பேக்கரிக்குள் ஊர்க்கதை கதைக்கக் கூடாது. நாலு ஊர் ஆட்கள் நாலு ஊர்ச் சண்டையையும் கொண்டுவந்து மாவுக்குள் போட்டால் என்ன ஆகும் என்பது அவள் பயம். தன் மச்சானுக்கும் ஒரு வேலை தரச் சொல்லிக் கலீல் பல தரம் கேட்டுப் பார்த்தான். உன்ர ஊருக்கு நீ இருக்கிறாய் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். கதையில்லாத பேக்கரியில் பாண் மட்டும் பெருகியது.

குணேஸ்வரி இடக்கைக்காரி. முதலை மாதிரி உருட்டிச் சீனி தூவிய கிம்புலா பணிஸை அவள் செய்தால், வால் மற்றப் பக்கம் வளைந்திருக்கும். சந்தைச் சனம் அதையே கேட்டு வாங்கிப் போகும். கிழமை நாளில் நகரத்தில் ஒரு வீட்டில் தங்குவாள். சனிக்கிழமை மூதூர் போகிற லாஞ்சுப் படகில் ஏறும்போது உடைந்ததும் கருகியதுமாக ஒரு பை பணிஸ் அவளோடு ஊருக்குப் போகும். இரண்டு வருசம் இப்படி.

அந்த வருசம் சித்திரைப் பிறப்புக்குப் போனவள் திரும்பவில்லை. முதலில் நகரமே கலவரத்தில் கிடந்தது, லாஞ்சு ஓடவில்லை, கமலேஸ்வரியும் பொறுத்தாள். பிறகு சம்பூர்ப் பக்கம் ஷெல்லும் குண்டும் விழுந்தன. லாஞ்சு ஓடத் தொடங்கியது, குணேஸ்வரி வரவில்லை. சட்டப்படி பார்த்தால் ஒரு கைதான் குறைவு. வேலை கேட்டுப் பிள்ளைகள் படலையில் வந்து நின்றார்கள். கமலேஸ்வரி அவர்களை நாளைக்கு வாங்கோ என்று அனுப்பினாள், அடுத்த நாளும் அதையே சொன்னாள். இருக்கவும் ஏலவில்லை, நிற்கவும் ஏலவில்லை. பாணைத் தொட்டுப் பார்ப்பாள், வீதிக்குப் போவாள், திரும்பி வருவாள்.

கடைசியில் பேக்கரி முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். குணேஸ்வரியின் வீடு சம்பூரில் எவடம்? தாய் தகப்பன் ஆர்? ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று இரண்டு வருசம் மா உருட்டியவர்களுக்கும் தெரியாது.

"ஊர்க்கதை கதைக்க வேணாம் எண்டு நீங்கதானே அக்கா சொன்னீங்க" என்றான் கலீல். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். கமலேஸ்வரிக்கு முகத்தில் போறணை வெக்கை அடித்த மாதிரி இருந்தது.

கிளிவெட்டிப் பள்ளிக்கூடத்தில் சம்பூர்ச் சனம் கொஞ்சம் வந்திருக்கிறது என்று பாதை மிதவையில் வந்தவர்கள் கதைத்ததைக் கேட்டு வந்து சொன்னவனும் கலீல்தான். பேக்கரியை அவனிடம் விட்டுவிட்டு அவள் லாஞ்சு ஏறினாள். கடல் முழுக்க எழும்பியும் இருந்தும் வந்தவளை, ஒரு இடத்தில இருங்கோவன் அம்மா என்று லாஞ்சுக்காரன் அதட்டினான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை அடுக்கி மறைப்புக் கட்டிச் சனம் கிடந்தது. வாசலடியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு மனுசியிடம் போய், சம்பூர்க் குணேஸ்வரி இங்கே வந்தவவோ என்று கேட்டாள். புஷ்பவதி என்று பெயர்கொண்ட அந்த மனுசி சுளகை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் குணேஸ்வரி? ஆரின்ர மகள்?"

நகரத்தில் இரண்டு வருசம் வேலை செய்தவ என்றாள் கமலேஸ்வரி. எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி என்று புஷ்பவதி அடுக்கிக் கேட்டாள். தெரியாது, தெரியாது என்றுதான் கமலேஸ்வரியால் சொல்ல முடிந்தது.

"நீங்கள் அவவுக்கு என்ன வேணும்?"

"முதலாளி."

"ரெண்டு வருசம் வேலை வாங்கியிருக்கிறீங்கள். தகப்பன்ர பேர் தெரியாதோ?"

செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு நொந்திருக்காது. கமலேஸ்வரி அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள். இடக்கைக்காரி என்றாள். பணிஸ் உருட்டுவாள் என்றாள். வால் மற்றப் பக்கம் வளையும் என்று கையால் காட்டும்போது அழுகை வந்துவிட்டது.

புஷ்பவதியின் முகம் மாறியது. "ஐயோ, பணிஸ்காரியோ! அவ வேலாயுதத்தின்ர மூத்தவ எல்லே. சனிக்கிழமையில எங்கட ஒழுங்கைப் பிள்ளையள் எல்லாம் அவவின்ர பையைப் பாத்துக்கொண்டுதான் நிக்குங்கள்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். ஷெல் விழுந்ததில் தாய் செத்துப்போனாள். குணேஸ்வரி தாயை அடக்கம் செய்துவிட்டு, சின்னதுகளைக் கூட்டிக்கொண்டு ஈச்சிலம்பற்றுப் பக்கம் போனாள். உயிரோடுதான் இருந்தாள். வேலையை நினைத்துத்தான் பிள்ளைக்குக் கவலை, முதலாளியம்மா வேறு ஆளை எடுத்திருப்பா என்று சொல்லிக்கொண்டு போனாளாம்.

கமலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "அங்கால போற ஆரிட்டையும் சொல்லிவிடுங்கோ. அவவின்ர இடம் அப்பிடியே இருக்கு. வரேக்க தனிய வரவேண்டாம், ஊரில இருந்து இன்னொரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. ஒருத்தி வராட்டி ஏனெண்டு சொல்ல மற்றவ இருக்க வேணும்."

அடுத்த நாள் பேக்கரியில் அவள் கலீலிடம் அவன் வாப்பாவின் பெயரைக் கேட்டாள். அவன் பாண் தள்ளும் பலகையோடு திரும்பிப் பார்த்து, ஸெய்னுதீன் என்றான். வீடு குறிஞ்சாக்கேணியில் எவடம் என்று கேட்டாள், மச்சானை எப்போது கூட்டி வருகிறாய் என்று கேட்டாள். அன்றைக்குப் பாண் கொஞ்சம் கருகித்தான் போனது.

ஆனால் குணேஸ்வரி வரவில்லை. ஆவணியில் மூதூர்ப் பக்கம் பெரிய சண்டை வந்தது, சம்பூரே காலியானது, பாதைகள் எல்லாம் அடைபட்டன. கமலேஸ்வரி பழையபடி படலைக்கும் போறணைக்கும் நடந்தாள். குணேஸ்வரியின் மேசையடியில் வேறு யாரையும் நிற்க விடவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு பின்னேரம் படலையில் இரண்டு பிள்ளைகள் நனைந்துகொண்டு நின்றார்கள். இரண்டு பேரையும் அவளுக்குத் தெரியாது. "குணேஸ்வரியக்கா அனுப்பினவ" என்றாள் கொஞ்சம் பெரியவள். "ஊரில இருந்து ரெண்டு பேராப் போனால் எடுப்பீங்களாம்." குணேஸ்வரி எங்கே என்று கேட்டதற்கு, வெருகலாற்றடியில் கண்டதுதான், பிறகு காணவில்லை என்றாள்.

என்ன வேலை தெரியும் என்பதுதான் கமலேஸ்வரி வழக்கமாக முதலில் கேட்கிற கேள்வி. இப்போது அது வாயில் வரவில்லை. படலையை அகலத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ பிள்ளையள். ஆரின்ர மகள்மார் நீங்கள்?"

கமலேஸ்வரி அவர்களுக்குப் பக்கத்தில் குந்திக்கொள்ள, பெரியவள் தகப்பன் பெயரில் தொடங்கி, ஒழுங்கை, கோயில், அயலட்டை என்று சொல்லிக்கொண்டே போனாள். கலீலும் அவன் மச்சானும் கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்கள். உள்ளே தொட்டியில் மா பொங்கி விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. கமலேஸ்வரி அதைக் கண்டாள், கண்டும் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.