கம்பி கழட்டின பிறகும் அசைஞ்ச முள்ளு

இப்படிக் கதையள நம்புற ஆள் நான் இல்ல. ஜின் எண்டு ஒரு படைப்பு இருக்கெண்டு ஓதி வந்திருக்கம், அத இல்லெண்டு சொன்னா ஈமான் போயிடும், அது வேற. ஆனா அங்க ஏதோ வெள்ளையா நிண்டிச்சு, இஞ்ச ஆரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க எண்டு ஆரும் தொடங்கினா நான் வெத்திலைய மடிச்சு வாயில வெச்சிட்டு எழும்பிப் போயிடுவன். அதாலதான் இத இவ்வளவு நாளா ஆருக்கும் சொல்லல்ல. நீங்களும் நம்பத்தான் வேணுமெண்டு இல்ல. பாதி நாள் எனக்கே சந்தேகம்.

சாய்ந்தமருதுல கடலுக்கு ரெண்டு வளவு தள்ளி எங்கட வீடு. மகள் பஸ்லியாக்குச் சீதனமாக் குடுத்தது, அதுல மகளும் மருமகன் இர்ஷாதும் நானும் இருக்கிறம். மகன் நௌபர் கலியாணம் முடிச்சு மருதமுனையில இருக்கான். அவனுக்கு ரெண்டு போட், ஒண்டு கிழமைக்கணக்கா ஆழ்கடல்ல நிக்கிற பெரிசு, மத்தது மூணு நாள்ல கரைக்குத் திரும்புற சின்னது. சின்ன போட்டுக்கு இர்ஷாத்தான் தண்டயல், அவர்தான் ஓட்டுறதும் ஆக்கள நடத்துறதும். எங்கட மாடி உயரமெண்டு நௌபர் அதுல ஏரியல் கம்பி கட்டி, முன்னறையில ரேடியோ செட்டையும் பக்கத்தில ஒரு பூஸ்டரையும் வெச்சான். செட்டுல கதைக்கிறத பலமாக்கித் தூரத்துக்கு அனுப்புறது பூஸ்டர்தான். ஏதோ கப்பல்ல இருந்து கழட்டின சாமானாம், தூக்க ரெண்டு ஆம்புளையள் வேணும்.

ஆம்புளையள் வீட்ட நிக்காத நேரம் அத ஆர் பாக்கிற? நான்தான். அஞ்சாம் வகுப்போட நிண்டவள், இங்கிலீசு எழுத்துத் தெரியாது, அதால நௌபர் சுவிச்சுகளில கலர்க் கடதாசி ஒட்டித் தந்தான். பச்சையப் போட்டா அஞ்சு நிமிசம் பாத்திருக்கணும், உள்ளுக்குச் சூடு ஏறணும், அதுக்கு முந்தி மைக்க அமத்தக் கூடாது. முன்னுக்கு ரெண்டு முள்ளு இருக்கு. இடப்பக்க முள்ளு கம்பிக்கு ஏறிப் போற பலத்தைக் காட்டும், வலப்பக்க முள்ளு போகாமத் திரும்பி வாறதைக் காட்டும். திரும்பி வாறது கூடினா சிவப்பு லைட் எரிஞ்சு பூஸ்டர் தானா நிண்டிடும்.

"சிவப்பு எரிஞ்சா பயப்படாதீங்க உம்மா, அது தன்னைத்தானே காப்பாத்துது" எண்டு நௌபர் சொல்லித் தந்தான். "கையை எடுங்க, அஞ்சு நிமிசம் விடுங்க, கம்பி எங்கயும் முட்டுதா எண்டு பாருங்க. ரெண்டாந்தரமும் எரிஞ்சா பலத்தப் பாதியாக் கொறைங்க. மூணாந்தரம் எண்டா நிப்பாட்டிப் போடுங்க." இடி கேட்டா பூஸ்டர்ல இருந்து கம்பியக் கழட்டி, அதுட முனைய ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள்ள விட்டு வைக்கணும். எல்லாத்தையும் குர்ஆன் சூறா பாடமாக்கின மாதிரி பாடமாக்கினன்.

ஆனா நான் அதுல கதைக்கமாட்டன். எத்தினை போட்டுல எத்தினை அந்நிய ஆம்புளையள் கேட்டுக்கொண்டிருப்பாங்க, எனக்குக் கூச்சம். அதால மைக்க அமத்திக்கொண்டு நகத்தால தட்டுவன். ஒரு தட்டு ஓம், ரெண்டு தட்டு இல்ல. கடல்ல நிக்கிறவங்களுக்கு அது பழகிப் போச்சு. இர்ஷாத் மருமகனோட நான் வீட்டிலயும் முகம் பாத்துக் கதைக்கிறது குறைவு, முக்காட்ட இழுத்துக்கொண்டு சோத்தை வெச்சிட்டு விலகிடுவன். செட்டுலதான் அவர் பகிடி விடுவார்.

"மாமி, இண்டைக்குச் சுறாக் கறியா?"

ரெண்டு தட்டு.

"கோழியா?"

ஒரு தட்டு.

"அப்ப வலையை வெட்டிப் போட்டிட்டு வாறன் மாமி."

மத்தப் போட்டுல இருந்து ஒருத்தன் ஊடால பூருவான், "வாய் தொறக்காத மாமி கெடச்சதுக்கு நீ ரெண்டு றக்அத்து கூடத் தொழணும் இர்ஷாத்" எண்டு. நான் தனிய இருந்து சிரிப்பன்.

வாடைக் காத்துத் தொடங்குற காலம். ஒரு திங்கட்கிழமை விடியச் சுபஹ் தொழுதிட்டு சின்ன போட்டுல இர்ஷாதோட சேத்து நாலு பேர் போனாங்க. செவ்வாய் பகலைக்குக் கடைசியாக் கதைச்சார். மறுகா சத்தமில்ல. வியாழன் வரவேண்டியவங்க வரல்ல. செட்டுல கூப்பிட்டுக் கூப்பிட்டு நௌபருக்குத் தொண்டை கட்டிப் போச்சு. அதிகாரிமாருக்கும் அறிவிச்சது, தேடுறம் எண்டாங்க. அவ்வளவு பெரிய கடல்ல எங்கயெண்டு தேடுற?

இதுல இன்னொண்டும் இருக்கு. போன வருசம் இர்ஷாத் ஒருதரம் செட்ட நிப்பாட்டிப் போட்டு வடக்கால திருகோணமலைக்குப் போய், நௌபருக்குத் தெரியாம மீன வித்திட்டு வந்தவர். அதால நௌபருக்கு ஒரே எண்ணம்தான்.

"மச்சான் அங்கதான் நிக்கிறார், உம்மா. அவர்ட நாடகத்துக்கு நான் பெரிய போட்ட தொழிலை விட்டுக் கிளப்பித் தேட விடவா?"

"காக்கா, அவர் இந்த முறை அப்படிச் செய்யமாட்டார்" எண்டு பஸ்லியா தமையனைப் பாத்து அழுதாள்.

"போன முறையும் நீ இதைத்தான் சொன்ன."

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் சந்தேகம் இருந்திச்சு. மருமகன்ல மட்டுமில்ல, மகள்லயும். புருசன் எங்கயெண்டு தெரிஞ்சிட்டுத்தான் அழுறாளோ எண்டு அவள்ட முகத்தையே பாத்துக்கொண்டு திரிஞ்சன். பெத்த தாய்க்கு வரக்கூடாத எண்ணம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் நான் செட்டுக்கு முன்னுக்குத் தனிய இருந்தன். மைக் மேசையில கெடக்கு, நான் தொடல்ல. வலப்பக்க முள்ளு, திரும்பி வாறதைக் காட்டுற முள்ளு, மெல்ல எழும்பி விழுந்திச்சு. அனுப்பாம என்ன திரும்பி வாற? நௌபருக்குச் சொன்னன். அவன் பாண்டிருப்பில இருந்து செட் திருத்துற கண்ணன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தான். தம்பி மாடியில ஏறி, கம்பியில முட்டின தென்னோலைய வெட்டி, மூட்டெல்லாம் புதுசாச் சுத்தினார்.

"பக்கத்தில ஆரும் பலமான செட்டுல கதைச்சா எங்கட கம்பி அத உறிஞ்சும் உம்மா, முள்ளு எழும்பும்" எண்டார்.

மூணு ஒழுங்கை தள்ளி இன்னொரு போட் முதலாளி வீட்டிலயும் செட் இருக்கு. அவங்கதான் எங்கட லைனக் குழப்புறாங்க எண்டு நௌபர் சண்டைக்குப் போனான். அவங்கட செட் பத்து நாளா உடைஞ்சு கெடக்காம், கழட்டி வெச்சதையும் காட்டினாங்களாம். நான் அதையும் நம்பல்ல.

சனிக்கிழமை பகல் லுஹர் தொழுதிட்டு வாறன், மேல்பக்கம் கறுத்துக்கொண்டு இடி உருளத் தொடங்கிச்சு. பஸ்லியா அழுது களைச்சு அறைக்குள்ள படுத்திருந்தாள். நான் கம்பியக் கழட்டி முனைய போத்தலுக்குள்ள விட்டன். பூஸ்டர உடன நிப்பாட்டக் கூடாது, உள்ளுக்குச் சூடு ஆறும் வரை காத்தாடி சுத்தணும், அதுக்காகப் பாத்திருந்தன். கம்பி போத்தலுக்குள்ள. மைக்கும் மேசையில.

"யா அல்லாஹ், அந்தப் புள்ளையள் உசிரோட இருக்காங்களா?" எண்டு எனக்குள்ள சொல்ற மாதிரி வாய்விட்டுச் சொன்னன்.

வலப்பக்க முள்ளு ஒருதரம் எழும்பி விழுந்திச்சு.

நான் போத்தலைப் பாத்தன். கம்பி முனை அதுக்குள்ளதான். கைய வெச்சுத் தடவியும் பாத்தன். மேசை ஆடுதா எண்டு காலையும் பாத்தன். மறுகா, சிரிப்பீங்க, சன்னலுக்கு வெளிய ஆரும் நிண்டு ஏதும் செய்றாங்களா எண்டும் எட்டிப் பாத்தன். முத்தத்தில ஒரு ஆடு மட்டும்.

"நாலு பேருமா?" எண்டு கேட்டன். ஒருதரம்.

"திருகோணமலைப் பக்கமா?" ரெண்டுதரம், டக் டக் எண்டு, நான் நகத்தால தட்டுற அதே வேகத்தில.

"தெக்காலயா? பாணமைப் பக்கமா?" ஒருதரம்.

சும்மா எல்லாத்துக்கும் ஏதோ ஒண்டு ஆடுதாக்கும் எண்டு நினைச்சு நான் அதைச் சோதிச்சன். என்ட பேர் ஆமினாவா எண்டு கேட்டன், ரெண்டுதரம், என்ட பேர் ஆமினா இல்லதான். எனக்கு ஒரே ஒரு மகன்தானா எண்டு கேட்டன். ரெண்டுதரம். ஓம், நௌபருக்கு முந்தி ஒரு ஆம்புளப் புள்ள, ஏழு நாள்ல மவுத்தாப் போன புள்ள. அது பஸ்லியாக்கும் தெரியாது.

ஜின்னை விரட்ட ஆயத்துல் குர்ஸி ஓதினன். முள்ளு அசையல்ல. ஆனா அது போகவுமில்ல, அங்கயே இருந்து கேக்குது எண்டு எனக்கு வெளங்கிச்சு.

"நீங்க இர்ஷாத் மருமகனா?" எண்டு மறுகா கேட்டன்.

ரெண்டுதரம்.

ஆரெண்டு தெரியாத ஒண்டு சொன்னதை நம்பவா, நம்பாம விடவா? நம்பி அது பொய்யாப் போனா பெரிய போட் தெக்கால போயிடும், வடக்கால கெடக்கிற புள்ளையள் கெடந்து சாவாங்க. நம்பாம விட்டு அது மெய்யாப் போனாலும் அதேதான். அங்க நாலு உசிர், நாலு பேருக்கும் குடும்பம் இருக்கு.

பூஸ்டர நிப்பாட்டிப் போட்டு நௌபருக்குப் போன் எடுத்தன். அவன் மழையில நனைஞ்சுகொண்டு வந்தான்.

"மருமகன் செட்டுல கதைச்சார், மகன்" எண்டன். "எஞ்சின் உடைஞ்சு தெக்கால வடிஞ்சு போறாங்களாம். பாணமைப் பக்கம்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். "கம்பி போத்தலுக்குள்ள கெடக்கு, எப்படிக் கதைச்சார்?"

"அதுக்கு முந்தி."

"இது பஸ்லியா சொல்லித் தந்த கதையா, உம்மா?"

"இல்ல."

"வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணுங்க."

எழுபது வயசில நான் பொய்ச்சத்தியம் பண்ணினவள் இல்ல. குர்ஆன் இருந்த றாக்கையைப் பாத்தன், பாத்திட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு "வல்லாஹி, மருமகன்ட குரல்தான்" எண்டு சொன்னன்.

இடி அடங்கினதும் கம்பியப் பூட்டினம். பச்சை போட்டு அஞ்சு நிமிசம் பாத்திருந்து, நௌபர் பெரிய போட்டைக் கூப்பிட்டான். ரெண்டு சொல்லுக்குள்ள சிவப்பு எரிஞ்சு பூஸ்டர் நிண்டிச்சு. கைய எடுத்தம். நௌபர் மாடிக்கு ஓடிக் கம்பியப் பாத்தான், மழைத் தண்ணி ஓடுது, வேற ஒண்டுமில்ல. அஞ்சு நிமிசத்தால திருப்பியும் கூப்பிட்டான், திருப்பியும் சிவப்பு. அவனுக்குக் கோவம், பொறுக்காம உடன அமத்தப் போனான். நான் கையப் புடிச்சன்.

"பலத்தப் பாதியாக் கொறை மகன், நீதானே சொல்லித் தந்த."

பாதியாக் கொறைச்சு, திரும்புற முள்ளுல கண்ண வெச்சுக்கொண்டு, ஒரு ஒரு சொல்லாச் சொல்லச் சொன்னன். முள்ளு சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழ நடுங்கிக்கொண்டு நிண்டிச்சு. இரைச்சலுக்குள்ளால பெரிய போட் தண்டயல்ட குரல் வந்திச்சு, "வெளங்கிச்சு, தெக்கால போறம்" எண்டு.

அடுத்த நாள் பின்னேரம் அஸருக்குக் கண்டு புடிச்சிட்டாங்க. பாணமைக்கு நேர வெளிய, நாலு பேரும் உசிரோட. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர ரெண்டு நாள் பிடிச்சிது. இர்ஷாத் மருமகன் முன்னறையில இருந்து கஞ்சி குடிச்சார், உதடெல்லாம் வெடிச்சிருந்திச்சு. நௌபர் தலையக் குனிஞ்சுகொண்டு பக்கத்தில இருந்தான்.

"செவ்வாய் இரவே பற்றரிக்குள்ள தண்ணி பூந்து செட் செத்துப் போச்சு மச்சான்" எண்டார் இர்ஷாத்.

நௌபர் நிமிந்தான். "அப்ப சனிக்கிழமை உம்மாவோட ஆர் கதைச்ச?"

நான் கதவு நிலையைப் புடிச்சுக்கொண்டு நிண்டன். இர்ஷாத் கோப்பைய வெச்சிட்டு என்னை நிமிந்து பாத்தார். மருமகனா வந்து அவ்வளவு காலத்தில அவர் என்னை அப்படிப் பாத்ததே இல்ல.

"செவ்வாயா, சனியா, எனக்கு நாள் கணக்குத் தெரியாமப் போச்சு" எண்டார். "மாமி கதைச்சதெண்டு சொன்னா நான் கதைச்சதுதான்."

அதுக்குப் பிறகு அவர் அதைப் பத்திக் கேக்கவுமில்ல, நான் சொல்லவுமில்ல. பொய்ச்சத்தியத்துக்குப் பரிகாரமா, கப்பாறாவா, பத்து ஏழையளுக்குச் சாப்பாடு குடுத்தன். மருமகன் வந்த சந்தோசத்துக்கெண்டு எல்லாரும் நினைச்சாங்க.

இனிச் சொல்றதை உங்களுக்கும் இவ்வளவு நேரமாச் சொல்லல்ல. அந்தச் சனிக்கிழமை பூஸ்டர நிப்பாட்ட முந்தி நான் இன்னொரு கேள்வி கேட்டன். பயந்துகொண்டுதான் கேட்டன், ஆனா ஒருத்தர் உதவி செஞ்சா வெறுங்கையோட அனுப்பி நமக்குப் பழக்கமில்ல. "உங்களுக்கு என்னால ஏதும் ஆகணுமா?" எண்டு கேட்டன். இல்லெண்டு ரெண்டுதரம் எழும்பும் எண்டுதான் நினைச்சன்.

ஒருதரம் எழும்பிச்சு. எழும்பினது விழல்ல. நான் சுவிச்ச நிப்பாட்டி, காத்தாடியும் நிண்டு, லைட்டெல்லாம் நூந்த பிறகும் அப்படியே நிண்டிச்சு. மறுகாதான் மெல்ல இறங்கிச்சு.

என்ன வேணுமெண்டு நான் கேக்கல்ல. அதுக்குப் பிறகு அந்த முள்ளு தானா அசைஞ்சதும் இல்ல. போன மாசம் எங்கட கிணத்துத் தண்ணி திடீரெண்டு உப்பாப் போச்சு, அதுக்கு வேணுமெண்டது இதுதானா எண்டு நினைச்சன். அதுக்கு முந்தி காய்ச்சுக்கொண்டிருந்த மாமரம் பட்டுப் போச்சு, அப்பவும் அப்படித்தான் நினைச்சன், அல்லாட காவல், இதோட போயிடட்டும் எண்டு. பஸ்லியாக்கு இப்ப வயித்தில ஏழாம் மாசம்.