கடலைச் செடிக்குப் பின்னால்

கார்த்திகேயன் பஸ் கண்டக்டர். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் வழியாக விராலிமலை போகும் வண்டியில் வேலை. நாற்பத்தேழு வயதாகிறது. அவனுடைய சின்ன வயசுப் படம் என்று வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக எடுத்ததுதான் முதல் படம். இத்தனைக்கும் அவனுடைய அப்பா ஆண்டியப்பன் ஒரு காலத்தில் நன்றாகப் படம் எடுத்தவர். வேளாண்மைத் துறையில் இருந்தார். பயிர்களுக்கு வரும் நோய்களைக் கலர் ஸ்லைடுகளாக எடுத்து, சாயங்காலம் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி விவசாயிகளுக்குக் காட்டியவர்.

"ஊரான் செடிய எல்லாம் படம் புடிச்சிருக்காரு. பெத்த புள்ளைய எடுக்கத் தோணல" என்று மனைவி உமாவிடம் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் கசப்பு இருக்கும்.

அப்பா இறந்து ஆறு வருஷம். போன சித்திரையில் ஓட்டுவீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே முழுக்க ஸ்லைடுகள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். இலை, புழு, மறுபடியும் இலை. ஒன்றில் மட்டும் சேலை கட்டிய ஒரு பெண். அம்மா போலிருந்தது.

அம்மா முத்தாளுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்த நேரம் அது. சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடியும் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள். பழைய படங்களைப் பெரிதாகக் காட்டினால் மனசு கொஞ்சம் தெளியும் என்று கார்த்திகேயன் நம்பினான். புதுக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சேரனிடம் டின்னைக் கொடுத்தான்.

"பூஞ்சை புடிச்சுக் கெடக்குண்ணே. ஒவ்வொண்ணாத் தொடச்சுத்தான் ஸ்கேன் பண்ணணும். நாளாகும், பரவாயில்லீங்களா?"

"மெதுவாவே பண்ணுங்க. எதையும் விட்றாதீங்க."

பென்டிரைவ் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவை டிவி முன்னால் உட்கார வைத்தார்கள். வரிசையாகச் செடிகள் வந்தன. பிறகு முத்தாள் வந்தாள். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கிற முத்தாள். அதற்குப் பிறகு ஒரு சின்னப் பெண் வந்தாள். முகமெல்லாம் பவுடர். அடுத்த படத்தில் சைக்கிள் பாரில் இருந்தாள். அதற்கடுத்ததில் முத்தாள் மடியில் தூங்கினாள்.

"இது யாரு வீட்டுப் புள்ளைம்மா?" என்று கேட்டான்.

முத்தாள் எழுந்துபோய் டிவியைத் தொட்டாள். "சொக்கு" என்றாள். "என்னடா கேக்குற? ஒன் அக்காவத் தெரியலையா ஒனக்கு?"

"எனக்கு ஏதும்மா அக்கா?"

மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது.

"ஒங்கப்பாதான்டா கடலைக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நாந்தான் மஞ்சக் கவுனு போட்டு அனுப்பிச்சேன். அவரு குனிஞ்சு எலையப் படம் எடுத்துக்கிட்டு இருந்திருக்காரு. நிமிந்து பாத்தா புள்ளையக் காணோமாம். கெணத்துல... கெணத்துலடா..."

மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். உமா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுது ஓய்ந்து, முத்தாள் உமா மடியிலேயே தூங்கிப்போனாள்.

கார்த்திகேயன் மீதிப் படங்களைத் தனியாக ஓட்டிப் பார்த்தான். கடைசிப் படம் ஒரு கடலைச் செடி. புள்ளி விழுந்த இலை ஒவ்வொரு நரம்போடும் துல்லியமாக இருந்தது. பின்னால் எல்லாம் கலங்கல். அந்தக் கலங்கலில் ஓரமாக, மஞ்சளாக ஏதோ ஒன்று. சும்மா பார்த்தால் பூ என்று நினைத்துவிடலாம். அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் போன பிறகு ஆண்டியப்பன் கேமராவைத் தொடவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு, விஷயம் தெரிந்த முகங்கள் அதிகம் இல்லாத இலுப்பூருக்குக் குடிவந்து, ஆபீஸ் வேலையோடு நின்றுகொண்டார். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அவன் பத்து நிமிஷம் பிந்தினால் செருப்புக்கூடப் போடாமல் தேடி வருவார். "கெணத்துப் பக்கம் போனியா?" என்பதுதான் முதல் கேள்வி. போகவில்லை என்று சொன்னாலும் தலைமுடியைத் தொட்டு ஈரம் பார்ப்பார். மகன் கல்யாணத்தில் போட்டோகிராபர் கூப்பிட்டபோது, பந்தி பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். அன்றைக்கு அவர்மேல் கார்த்திகேயனுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலையில் முத்தாளுக்கு அழுதது நினைவில்லை. ஆனால் மகள் நினைவில் இருந்தாள்.

"சொக்கு எங்கடா?"

கார்த்திகேயன் உண்மையைச் சொன்னான். அப்போதுதான் கேள்விப்படுகிறவள்போல அலறினாள். அடுத்த நாளும் கேட்டாள். அன்றும் சொல்லிவிட்டு, அன்றும் அந்த அழுகையைப் பார்த்தான்.

"இனிமே சொல்லாதீங்க" என்றாள் உமா. "நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் அத்தைக்கு இப்பத்தான் புள்ள சாகுது."

"ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்று சொல்லத் தொடங்கினான். சாயங்காலமானால் முத்தாள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தெருவில் போகிற யூனிஃபார்ம் பிள்ளைகளை ஒவ்வொருத்தராக உற்றுப் பார்ப்பாள். எல்லோரும் போய்த் தெரு காலியான பிறகும் உள்ளே வரமாட்டாள். பென்டிரைவைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். ஒரு பிரயோஜனமும் இல்லை. நாற்பத்தெட்டு வருஷமாக இரண்டு பேர் சேர்ந்து மூடி வைத்திருந்ததை, நல்லது செய்வதாக நினைத்துத் தானே திறந்துவிட்டோமே என்று உமாவிடம் சொல்லி அழுதான்.

ஐப்பசி மழையில் முத்தாளுக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மகனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, அவன் கன்னத்தை, நாலு நாள் தாடியைத் தடவினாள்.

"சொக்கு, வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா" என்றான்.

"நனைஞ்சிருக்கியே..." என்று முந்தானையைத் தேடினாள். அன்றைக்கே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து கார்த்திகேயன் வேலைக்குத் திரும்பினான். விராலிமலை ரோட்டில் இரண்டு பக்கமும் கடலைக் கொல்லைகள். கொல்லைக்குக் கொல்லை கிணறு. சிலதில் தண்ணீர் கிடக்கும், சிலதைத் தூர்த்துவிட்டார்கள். அப்பா அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில்தான் வேலை பார்த்தார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். எந்த ஊர், எந்தக் கிணறு என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிறான். கேட்பதற்கு இப்போது யாரும் இல்லை.